திரைக்குப் பின்னால் ஒரு வயலின் வேலை

முழு அளவு சிம்பொனி ஆர்கெஸ்ட்ராவில் முதல் வயலின் வரிசையில் 16 பேர், இரண்டாம் வயலினில் 14 பேர். மேடையில் நூறு பேர் இருந்தால் முப்பது பேர் கையில் வயலின் இருக்கும். ஓபோவுக்கும் பஸூனுக்கும் தலைக்கு மூன்று, நான்கு நாற்காலிதான். உட்கார்ந்திருப்பவர் ஓய்வு பெறும்வரை வெளியே நிற்பவர் காத்திருக்க வேண்டியதுதான். ஆக, மேற்கத்திய செவ்வியல் இசையில் மாதச் சம்பளத்துக்கு வேலை தேடுகிறவருக்கு அதிகக் கதவுகளைத் திறந்துவைத்திருக்கும் வாத்தியம் வயலின். ஒவ்வொரு கதவுக்கும் முன்னால் நிற்கும் கூட்டமும் அதற்கேற்ற மாதிரிதான்.

இந்தக் கட்டுரை அந்த நாற்காலியைப் பற்றியது. சோலோ வயலினிஸ்ட் ஆவதைப் பற்றியதல்ல. சோலோ வாசித்தே பிழைப்பவர்கள் ஒரு தலைமுறைக்கு விரல்விட்டு எண்ணக்கூடியவர்கள், அவர்களுக்கு யாருடைய வழிகாட்டியும் தேவைப்படாது. சிக்கல் என்னவென்றால், இசைக் கல்லூரிகள் எல்லோரையும் சோலோ வாசிக்கத்தான் தயார்செய்கின்றன. சைகோவ்ஸ்கி கான்செர்டோ, சிபேலியஸ் கான்செர்டோ, பகனினி என்று பத்துப் பதினைந்து வருடம் ஓடிவிடும். வேலை கொடுப்பவர்களுக்கு வேண்டியதோ, பக்கத்தில் உட்கார்ந்திருப்பவரின் வில்லோடு தன் வில்லை ஒட்டவைக்கத் தெரிந்த ஆள். இதை இருபது வயதுக்குள் புரிந்துகொண்டவர் முந்திக்கொள்கிறார். மற்றவர்கள் முப்பது வயதில், ஏழெட்டு ஆடிஷனில் தோற்ற பிறகு, புரிந்துகொள்கிறார்கள்.

இந்தியாவிலிருந்து இந்தப் பாதையில் போனவர் உண்டா என்று பெற்றோர்கள் கேட்பார்கள். உண்டு. கண்டக்டர் ஸுபின் மேத்தாவின் அப்பா மெஹ்லி மேத்தாவை எடுத்துக்கொள்ளுங்கள். 1908-இல் பம்பாயில் பிறந்தவர். 1935-இல் பம்பாய் சிம்பொனி ஆர்கெஸ்ட்ராவைத் தொடங்கினார், பிறகு ஒரு ஸ்ட்ரிங் குவார்டெட்டையும் தொடங்கினார். நாற்பதை நெருங்குகிற வயதில், பம்பாயில் பெரிய பெயர் இருக்கும்போதே, குடும்பத்தை ஊரில் விட்டுவிட்டு நியூயார்க் போய் ஐவன் கலாமியனிடம் மறுபடியும் மாணவராக நின்றார். அதன்பின் இங்கிலாந்தில் மான்செஸ்டரின் ஹாலே ஆர்கெஸ்ட்ரா; அங்கிருந்து ஃபிலடெல்ஃபியாவில் கர்டிஸ் ஸ்ட்ரிங் குவார்டெட்டில் இரண்டாம் வயலின்; 1964-இல் லாஸ் ஏஞ்சலஸில் இளைஞர்களுக்கான அமெரிக்கன் யூத் சிம்பொனி. ஆர்கெஸ்ட்ரா, குவார்டெட், சொல்லிக்கொடுத்தல் ஆகிய மூன்றும் சேர்ந்ததுதான் அவருடைய தொழில். இன்றைக்கு இந்தத் துறையில் நிம்மதியாக இருப்பவர்களில் பெரும்பாலானோர் வாழ்க்கையும் இந்த மூன்றும் வெவ்வேறு அளவில் கலந்ததாகத்தான் இருக்கிறது.

எங்கே படிப்பது

சென்னையில் மேற்கத்திய வயலின் தேர்வில் கிரேடு எட்டு முடித்ததும் பாதி மலை ஏறிவிட்டதாக வீட்டில் நினைப்பார்கள். கன்செர்வேட்டரி நுழைவுத் தேர்வில் அந்தச் சான்றிதழை யாரும் புரட்டிக்கூடப் பார்ப்பதில்லை. பாஹ் எழுதிய தனி வயலின் சொனாட்டா அல்லது பார்ட்டிட்டாவிலிருந்து ஒரு பகுதி, ஒரு எட்யூட் அல்லது பகனினி கப்ரீஸ், ஒரு பெரிய கான்செர்டோவின் முதல் பகுதி. இவற்றை வாசித்துக் காட்ட வேண்டும், அவ்வளவுதான். போட்டிக்கு வருபவர்கள் ஐந்து, ஆறு வயதில் தொடங்கியவர்கள். பதினாறு வயதில் வயலினை முதன்முதலாகத் தொட்டவருக்குப் பெரிய ஆர்கெஸ்ட்ரா நாற்காலி கிடைப்பது கிட்டத்தட்ட நடக்காத காரியம். கசப்பாக இருந்தாலும் முதலிலேயே சொல்லிவிடுவது நல்லது.

செலவைப் பார்த்தால் என் வாக்கு ஜெர்மனிக்கு. பெரும்பாலான அரசு இசைப் பல்கலைக்கழகங்களில் கல்விக் கட்டணம் இல்லை, சிறு தொகை செமஸ்டர் கட்டணம் மட்டும் உண்டு. பாடன்-வுர்ட்டம்பெர்க் மாநிலம் விதிவிலக்கு. ஐரோப்பிய ஒன்றியத்துக்கு வெளியிலிருந்து வருவோரிடம் செமஸ்டருக்கு 1,500 யூரோ வாங்குகிறார்கள். ஜெர்மன் மொழிச் சான்றிதழ் கேட்பார்கள், அதற்கு ஒரு வருடத்தை ஒதுக்கிவையுங்கள். அமெரிக்காவில் ஃபிலடெல்ஃபியாவின் கர்டிஸ் 1928-இலிருந்து கல்விக் கட்டணமே வாங்குவதில்லை. ஆனால் அது ஒரு ஆர்கெஸ்ட்ராவுக்கு எத்தனை பேர் வேண்டுமோ ஏறக்குறைய அத்தனை பேரை மட்டும் வைத்திருக்கும் சின்னப் பள்ளி. உள்ளே நுழைவதே ஒரு வாழ்நாள் சாதனை.

பள்ளியின் பெயரைவிட ஆசிரியர் யார் என்பதுதான் முக்கியம். விண்ணப்பத்துக்கு ஆறேழு மாதம் முன்பே, நீங்கள் குறிவைக்கும் ஆசிரியருக்கு வெட்டி ஒட்டாத ஒரு வீடியோவை அனுப்பி, ஒரு வகுப்பு தர முடியுமா என்று கேளுங்கள். நுழைவுத் தேர்வு நடக்கும் அறையில் உங்களை ஏற்கெனவே கேட்ட ஒருவராவது உட்கார்ந்திருப்பது நல்லது. இது குறுக்கு வழி என்று சங்கடப்பட வேண்டியதில்லை. அங்கே எல்லோரும் இப்படித்தான் செய்கிறார்கள். அந்த ஆசிரியரின் பழைய மாணவர்கள் இப்போது எந்த ஆர்கெஸ்ட்ராவில் இருக்கிறார்கள் என்று விசாரிப்பதும் உங்கள் வேலை. போட்டிகளில் ஜெயித்த மாணவர்களின் பட்டியலைக் காட்டும் ஆசிரியரைவிட, வேலையில் சேர்ந்த மாணவர்களின் பட்டியலைக் காட்டுபவர் உங்களுக்குப் பொருத்தமானவர்.

கர்நாடக வயலின் கற்றுவிட்டு இந்தப் பக்கம் திரும்ப நினைப்பவர்களுக்குத் தனியாக ஒரு வார்த்தை. உங்கள் காதும் தாளமும் பெரிய சொத்து. ஸ்ட்ராவின்ஸ்கியின் ஏழு எண்ணிக்கை வரும் இடத்தில் மற்றவர்கள் விரலால் எண்ணிக்கொண்டிருக்கும்போது, மிஸ்ர சாபுவில் பல்லவி வாசித்தவர் சும்மா இருக்கலாம். தடைகள் வேறு இடத்தில். தரையில் உட்கார்ந்து வயலின் தலையைக் கணுக்காலில் ஊன்றி வாசிக்கும்போது இடது கை தாராளமாக வழுக்கும், கமகத்துக்கு அதுதான் தேவை. ஆர்கெஸ்ட்ராவில் அதே கை ஒவ்வொரு பொசிஷனிலும் நான்கு விரலையும் அசையாத இடத்தில் வைக்க வேண்டும். வில்லைத் தந்தியிலிருந்து துள்ளவிடும் ஸ்பிக்காட்டோவைப் புதிதாகப் பழக வேண்டும். எல்லாவற்றிலும் கடினம், ஸ்டாஃப் நொட்டேஷனைப் பார்த்த மாத்திரத்தில் வாசிப்பது. பாடாந்தரமாகக் கற்றவருக்கு இது மூன்று நான்கு வருட உழைப்பு. பதினைந்து வயதுக்குள் தொடங்கினால் முடியும்.

ஆடிஷன் எப்படி நடக்கிறது

பாஸ்டன் சிம்பொனி 1952-இல் ஆடிஷனுக்குத் திரை கட்டியது. எழுபதுகளிலிருந்து மற்ற அமெரிக்க ஆர்கெஸ்ட்ராக்களும் பின்தொடர்ந்தன. அங்கே இன்று முதல் சுற்று இப்படித்தான் இருக்கும்: உங்களுக்கு ஒரு எண். மேடையில் ஒரு நாற்காலி, ஒரு ஸ்டாண்ட், எதிரே அல்லது அரங்கின் நடுவே திரை. நீங்கள் நடந்து வரும் வழியில் கம்பளம் விரித்திருக்கும், செருப்புச் சத்தத்தை வைத்து ஆணா பெண்ணா என்று தேர்வாளர்கள் ஊகிக்கக் கூடாது. வாய் திறக்கக் கூடாது. சந்தேகம் இருந்தால் கூட வரும் உதவியாளரின் காதில் சொல்ல வேண்டும், அவர் திரைக்கு அப்பால் கேட்டுச் சொல்வார். ஐந்து முதல் பத்து நிமிடத்தில் முடிந்துவிடும். பாதியில் "நன்றி" என்று குரல் வந்தால் நிறுத்திவிட்டு நடையைக் கட்ட வேண்டியதுதான்.

இந்தத் திரை ஒன்றும் சடங்கு அல்ல. 1970-இல் அமெரிக்காவின் முதல் ஐந்து ஆர்கெஸ்ட்ராக்களில் பெண்கள் நூற்றுக்கு ஐந்து பேர்தான். தொண்ணூறுகளின் நடுவில் அது 25 ஆனது. அந்த உயர்வில் திரைக்குப் பங்கு உண்டு என்று பொருளாதார அறிஞர்கள் கிளாடியா கோல்டினும் சிசிலியா ரௌஸும் 2000-இல் ஆய்வு வெளியிட்டார்கள். எவ்வளவு பங்கு என்பதில் விவாதம் இன்னும் ஓயவில்லை. ஐரோப்பாவில் காலம் மெதுவாகத்தான் நகர்ந்தது. 1882-இல் தொடங்கிய பெர்லின் பில்ஹார்மோனிக்கில் முதல் பெண் உறுப்பினர் சேர்ந்தது 1982-இல்: மாதலென் கருஸோ, வயலின். முதல் பெண் கன்சர்ட்மாஸ்டருக்கு, அதாவது முதல் வயலின் வரிசையின் தலைவருக்கு, 2023 வரை காத்திருக்க வேண்டியிருந்தது. அவர் வினெட்டா சரைக்கா-ஃபோல்க்னர். அதற்கு முன் ஆர்டெமிஸ் குவார்டெட்டின் முதல் வயலின். குவார்டெட்டில் பழுத்தவரை ஆர்கெஸ்ட்ரா தேடி எடுத்தது என்பதை நினைவில் வையுங்கள். பின்னால் வரும் விஷயத்துக்கு உதவும்.

ஜெர்மன் ஆடிஷனில் எல்லாவற்றுக்கும் முதலில் மோட்ஸார்ட். அவருடைய மூன்றாவது, நான்காவது, ஐந்தாவது வயலின் கான்செர்டோக்களில் ஒன்றின் முதல் பகுதி, கடென்ஸாவோடு. பத்து வயதுப் பிள்ளைகள்கூட வாசிக்கும் இசைதான், அதனால்தான் அதில் ஒளிந்துகொள்ள இடமில்லை. சுருதி, தாளம், வில்லின் சுத்தம் மூன்றும் நிர்வாணமாக நிற்கும். பெரும்பாலானோர் இந்தச் சுற்றிலேயே வெளியே. தாண்டினால் பிராம்ஸ், சைகோவ்ஸ்கி போன்றோரின் கான்செர்டோ. அதையும் தாண்டினால் எக்ஸெர்ப்ட்.

எக்ஸெர்ப்ட் என்பது சிம்பொனிகளிலிருந்து வெட்டியெடுத்த கடினமான துண்டுகள். உலகம் முழுவதும் ஏறக்குறைய ஒரே பட்டியல்தான் சுற்றுகிறது. ரிச்சர்ட் ஷ்ட்ராஸின் 'டான் யுவான்' முதல் பக்கம், மெண்டெல்ஸோனின் 'மிட்சம்மர் நைட்ஸ் ட்ரீம்' ஸ்கெர்ட்ஸோ, ஷூமனின் இரண்டாம் சிம்பொனி ஸ்கெர்ட்ஸோ, மோட்ஸார்ட்டின் 39-ஆம் சிம்பொனி, பீத்தோவனின் ஒன்பதாவதில் மெதுவான பகுதி. இரண்டாம் வயலின் இடம் என்றால் ஸ்மெட்டனாவின் 'பார்ட்டர்டு பிரைட்' ஓவர்ச்சர் கட்டாயம். அங்கே வேகமான ஃபூகை ஆரம்பித்துவைப்பதே இரண்டாம் வயலின்கள்தான், மற்ற எல்லோரும் வாயை மூடிக்கொண்டிருக்கும்போது. இவை எல்லாம் பதிப்புரிமை முடிந்தவை. ஐ.எம்.எஸ்.எல்.பி. தளத்தில் இலவசமாக இறக்கிக்கொள்ளலாம்.

'டான் யுவான்' முதல் பக்கத்தைக் கொஞ்சம் கிட்டப்போய்ப் பார்ப்போம். 24 வயதில் ஷ்ட்ராஸ் எழுதியது. முதல் மாத்திரையிலேயே வயலின்கள் அடியிலிருந்து உச்சிக்குப் பாய வேண்டும். பதற்றத்தில் எல்லோரும் செய்யும் தவறு அந்தப் பாய்ச்சலை விழுங்கி, மேலே இருக்கும் நீண்ட சுரத்துக்குச் சீக்கிரம் போய்ச் சேருவது. திரைக்கு அந்தப்புறம் இருப்பவர்களுக்கு உடனே தெரிந்துவிடும்: இந்த ஆளுக்குத் தன் வரி மட்டும்தான் தெரியும், கூட என்ன ஓடுகிறது என்று தெரியாது. அடுத்து, நீண்ட சுரங்களின் முழு நீளத்தையும் கொடுக்காமல் அடுத்த கடினமான ஓட்டத்துக்குத் தாவுவது. எக்ஸெர்ப்ட் வாசிக்கும்போது கேட்பவர் காதில் மீதி எழுபது பேரும் ஒலிக்க வேண்டும். அதற்கு ஒரே வழி, முழு ஸ்கோரைப் படிப்பதும், அந்த இடத்தில் கொம்பும் செல்லோவும் என்ன செய்கின்றன என்று பாடிக் காட்டும் அளவுக்குக் கேட்டுவைப்பதும்.

பயிற்சிக்கு என் பரிந்துரை சுருக்கமானது. மெட்ரோனோமை ஒவ்வொரு மாத்திரைக்கும் வைக்காமல் பாருக்கு ஒரு தட்டாக வையுங்கள். ஃபோனில் பதிவுசெய்து, அன்றே கேட்காமல் மறுநாள் கேளுங்கள். இரண்டு மாடி ஏறி இறங்கி, மூச்சு வாங்கும்போது முதல் வரியை வாசியுங்கள்; ஆடிஷன் அன்று உங்கள் இதயம் அப்படித்தான் அடிக்கும். நண்பர்களை அறைக்கு வெளியே உட்காரவைத்துக் கதவைச் சாத்திக்கொண்டு வாசியுங்கள். பாராட்டு வேண்டாம், "எங்கே வேகம் மாறியது?" என்று மட்டும் கேளுங்கள்.

ஒருவரையும் எடுக்காமல் ஆடிஷன் முடிவது அடிக்கடி நடக்கும். இறுதிச் சுற்று வரை போனவர்களில் யாருக்கும் தேவையான வாக்கு விழாது, ஆறு மாதம் கழித்து மறுபடி விளம்பரம் வரும். ரயில் செலவும் விமானச் செலவும் உங்கள் கையிலிருந்துதான். மனதைத் தேற்றிக்கொண்டு அதே ஊருக்கு மறுபடி போனவர்கள் வேலை வாங்கியதும் உண்டு.

வேலை கிடைத்த பிறகுதான் தேர்வு

ஜெர்மனியில் ஆடிஷன் ஜெயித்தால் சோதனை வருடம் தொடங்கும். முடிவில் சக கலைஞர்கள் வாக்களிப்பார்கள். பெர்லின் பில்ஹார்மோனிக்கில் இது இரண்டு வருடம் வரை நீளலாம். அமெரிக்காவில் ஒன்று, இரண்டு வருடம் கழித்து டென்யூர், அதாவது நிரந்தரப் பணி. லண்டன் வழி வேறு: ஆடிஷனில் பிடித்த பலரை ஒரே நாற்காலிக்கு மாற்றி மாற்றி அழைத்து, மாதக்கணக்கில், சில சமயம் வருடக்கணக்கில் வாசிக்கவைத்துப் பார்ப்பார்கள். சுற்றுப்பயணப் பேருந்தில் நான்கு மணி நேரம் உங்கள் பக்கத்தில் உட்கார முடியுமா என்பதும் மதிப்பெண்ணில் சேரும்.

இந்தக் காலத்தில் ஆட்களை வீழ்த்துவது பெரும்பாலும் வயலின் அல்ல. சின்னச் சின்ன விஷயங்கள். ஒத்திகை பத்து மணிக்கு என்றால் 9.40-க்கு நாற்காலியில் இருக்க வேண்டும். ஸ்டாண்டில் பென்சில் இருக்க வேண்டும், பேனா பாவம். இரண்டு பேருக்கு ஒரு ஸ்டாண்ட், பார்வையாளர் பக்கம் உட்கார்ந்தவர் வாசித்துக்கொண்டே இருப்பார், உள்பக்கம் உட்கார்ந்தவர் பக்கம் புரட்டுவார். ஒரே வரியில் இரண்டு சுரம் எழுதியிருந்தால் மேல் சுரம் வெளிப்பக்கத்தவருக்கு, கீழ்ச் சுரம் உள்பக்கத்தவருக்கு. கன்சர்ட்மாஸ்டர் வில்லின் திசையை மாற்றினால் அந்தச் செய்தி ஸ்டாண்ட் ஸ்டாண்டாகப் பின்னால் வரும். அதை எழுதிக்கொண்டு, வாய் பேசாமல் பின்னால் கடத்த வேண்டும். ஒத்திகைக்கு முன் மேடையில் கான்செர்டோ வாசித்துக் காட்டுகிறவரைப் பற்றி முழு வரிசையும் அன்றே முடிவு கட்டிவிடும். பக்கத்தவர் தவறினால் திரும்பிப் பார்க்காதீர்கள். கால் தாளம் போடாதீர்கள், கர்நாடகக் கச்சேரியில் வளர்ந்தவர்களுக்கு இது சிரமம்தான்.

புதியவர் உட்காருவது பெரும்பாலும் கடைசி ஸ்டாண்டில். அங்கே ஒரு வேடிக்கை உண்டு. ஒலி நொடிக்கு ஏறக்குறைய 343 மீட்டர்தான் போகும். மேடையின் மறுபக்கம் 15 மீட்டர் தள்ளியிருக்கும் வாத்தியத்தின் சத்தம் உங்களை வந்தடைய 40 மில்லிநொடிக்கு மேல் ஆகும். காதில் விழுவதற்கு ஏற்ப வாசித்தால் நீங்கள் அவர்களை விடப் பின்தங்கி, அரங்கில் உட்கார்ந்தவருக்குப் பின்வரிசை இழுப்பது போலக் கேட்கும். ஆகவே பின்னால் இருப்பவர் காதை நம்புவதைவிடக் கண்ணை நம்ப வேண்டும்: கன்சர்ட்மாஸ்டரின் வில், கண்டக்டரின் கை, இரண்டுக்கும் நடுவில் மூச்சு. ஆர்கெஸ்ட்ராவிலேயே கடினமான இடம் கடைசி ஸ்டாண்ட் என்று மூத்தவர்கள் சொல்வது தன்னடக்கத்தால் அல்ல. கல்லூரி ஆர்கெஸ்ட்ராவில் பின்னால் உட்காரவைத்தால் முகத்தைத் தூக்கிவைத்துக்கொள்ளும் மாணவர்கள், இதைக் கற்கும் வாய்ப்பையே இழக்கிறார்கள்.

குவார்டெட் எதற்கு

பணத்துக்காக யாரும் ஸ்ட்ரிங் குவார்டெட் தொடங்க வேண்டாம். ஒரு கச்சேரிக்கான தொகையில் ஏஜெண்டின் பங்கு முதலில் போகும். மீதியிலிருந்து பயணச் செலவு. விமானத்தில் செல்லோவுக்குத் தனி இருக்கை வாங்க வேண்டும், ஆகவே நான்கு பேருக்கு ஐந்து டிக்கெட். மிச்சத்தை நான்காகப் பிரிக்க வேண்டும். முழுநேரமாக இதிலேயே வாழும் குழுக்கள் பெரும்பாலும் ஒரு பல்கலைக்கழகத்தின் நிழலில் இருக்கின்றன. 1975-இல் புடாபெஸ்டில் தொடங்கிய டகாச் குவார்டெட், எண்பதுகளிலிருந்து கொலராடோ பல்கலைக்கழகத்தில் வீடு கட்டிக்கொண்டது. பாடம் சொல்லிக்கொடுக்கும் சம்பளம் அடுப்பெரியவைக்கும், கச்சேரிகள் பெயர் வாங்கித் தரும்.

ஆனால் ஆர்கெஸ்ட்ராவில் முன்னேற வேண்டுமானால் குவார்டெட்டைப் போல ஒரு பள்ளிக்கூடம் கிடையாது. ஆர்கெஸ்ட்ராக்காரர்களே வார இறுதியில் குவார்டெட் வாசிப்பது ஐரோப்பாவில் பழைய வழக்கம். லைப்ஸிகில் கெவாண்ட்ஹவுஸ் ஆர்கெஸ்ட்ராவின் உறுப்பினர்களால் ஆன கெவாண்ட்ஹவுஸ் குவார்டெட் இருநூறு வருடத்துக்கு மேலாக ஆள் மாறி ஆள் வந்து தொடர்கிறது.

குவார்டெட் ஒத்திகையில் என்ன கற்கிறோம் என்பதற்கு ஒரே ஒரு உதாரணம். செல்லோவும் வயோலாவும் தங்கள் தந்திகளைச் சுத்தமான பஞ்சம இடைவெளியில் சேர்த்துவிட்டன என்று வையுங்கள். வயலினும் அப்படியே. இப்போது செல்லோவின் அடித் தந்தியையும் வயலினின் மேல் தந்தியையும் சேர்த்து வாசித்தால் காது கூசும். மேல் தந்தி ஒரு அரைச்சுரத்தில் ஐந்தில் ஒரு பங்கு அளவுக்குத் தூக்கலாக நிற்கும். ஒவ்வொரு பஞ்சமும் சரி, கூட்டிப் பார்த்தால் காந்தாரம் தப்பு. நமக்கு இதை விளக்கவே வேண்டாம். தம்புராவின் சட்ஜத் தந்தியிலிருந்து தானாக ஒலிக்கும் அந்தர காந்தாரம் இருக்கிறதே, அதுதான் சுத்தமான காந்தாரம். செல்லோவின் அடித் தந்தியைச் சட்ஜமாக வைத்துக்கொண்டால் வயலினின் மேல் தந்தி அந்தக் காந்தாரத்தைவிட மேலே நிற்கிறது. அதனால் குவார்டெட்டுகள் பஞ்சமங்களை ஒரு மயிரிழை நெருக்கிச் சேர்க்கின்றன. வாசிக்கும்போதும் ஒவ்வொரு மேஜர் கார்டிலும் யார் காந்தாரத்தை வைத்திருக்கிறார்களோ அவர் விரலை இறக்க வேண்டும். முப்பது வயலின் நடுவில் இந்தப் பாடம் நடக்காது. தவறு யாருடையது என்றே தெரியாது. நான்கு பேர் இருக்கும் அறையில் தப்பிக்க வழியில்லை.

இரண்டாம் வயலின் வாசிக்க ஒப்புக்கொள்ளுங்கள். எமர்சன் குவார்டெட் 1976-இலிருந்து 2023 வரை வாசித்தது. அதன் இரண்டு வயலின்காரர்கள், யூஜீன் டிரக்கரும் ஃபிலிப் செட்ஸரும், முதல் நாற்காலியை மாறி மாறிப் பகிர்ந்துகொண்டார்கள். அப்படிப் பழகியவருக்கு ஆர்கெஸ்ட்ராவில் எந்த இடத்தில் உட்காரவைத்தாலும் பிரச்சினை இல்லை.

காசு

நாட்டுக்கு நாடு வானத்துக்கும் பூமிக்கும் வித்தியாசம். ஜெர்மனியில் அரசுப் பணத்தில் நடக்கும் தொழில்முறை ஆர்கெஸ்ட்ராக்கள் ஏறக்குறைய 130. பெரும்பாலானவற்றில் ஊதிய ஒப்பந்தம், மருத்துவக் காப்பீடு, ஓய்வூதியம் எல்லாம் உண்டு. பணக்காரர் ஆக முடியாது. ஒரு நல்ல ஆசிரியர் குடும்பம் வாழ்வது போல வாழலாம். நியூயார்க் பில்ஹார்மோனிக்கின் 2024 ஒப்பந்தம் அடிப்படை ஊதியத்தை ஆண்டுக்கு 2,05,000 டாலர் வரை கொண்டுபோகிறது. அதே நாட்டில் சிறு நகர ஆர்கெஸ்ட்ராக்கள் ஒத்திகைக்கு இவ்வளவு, கச்சேரிக்கு இவ்வளவு என்று கூலி தருகின்றன. கலிஃபோர்னியாவில் நான்கைந்து ஊர் ஆர்கெஸ்ட்ராக்களுக்கு இடையே காரில் ஓடும் கலைஞர்கள் தங்களை 'ஃப்ரீவே பில்ஹார்மோனிக்' என்று அழைத்துக்கொள்கிறார்கள். லண்டன் சிம்பொனி ஆர்கெஸ்ட்ராவைக் கலைஞர்களே 1904-இல் தொடங்கினார்கள், இன்றும் அவர்களே உரிமையாளர்கள். ஆனால் மாதச் சம்பளம் கிடையாது. வாசித்தால் காசு, காய்ச்சலில் படுத்தால் இல்லை. மாதச் சம்பளம் வேண்டுமென்றால் பிபிசி ஆர்கெஸ்ட்ராக்களைப் பாருங்கள்.

வயலினுக்கும் வில்லுக்கும் ஆகும் செலவை யாரும் முன்கூட்டிச் சொல்வதில்லை. வில்லுக்கு வயலின் விலையில் மூன்றில் ஒரு பங்கு ஒதுக்குங்கள் என்பது பழைய கணக்கு. பழைய வில் வாங்கினால் அதன் நுனித் தகடு யானைத் தந்தமா என்று பார்த்து, ஆவணத்தோடு வாங்குங்கள். 2014-இல் புடாபெஸ்ட் ஃபெஸ்டிவல் ஆர்கெஸ்ட்ரா நியூயார்க்கில் இறங்கியபோது ஏழு வில்லைச் சுங்கத்தில் பிடித்துவைத்துவிட்டார்கள். கச்சேரிக்கு இரவல் வில் தேட வேண்டியதாயிற்று.

உடம்பு

அமெரிக்க ஆர்கெஸ்ட்ராக்களில் 2,212 பேரிடம் நடத்தி 1988-இல் வெளியான ஆய்வில், வாசிப்பையே பாதிக்கும் அளவுக்கு ஏதாவது ஒரு உடல் பிரச்சினை இருந்ததாக 76 சதவீதம் பேர் சொன்னார்கள். தோள், கழுத்து, முதுகு. 27 சதவீதம் பேர் மேடை நடுக்கத்துக்கு பீட்டா பிளாக்கர் மாத்திரை எடுத்ததாக ஒப்புக்கொண்டார்கள். ஆடிஷன் அன்று நண்பர் நீட்டும் மாத்திரையை வாங்கிப் போடாதீர்கள், ஆஸ்துமா உள்ளவருக்கு அது ஆபத்து. மருத்துவரிடம் கேட்டு, வேண்டுமானால் ஒரு சாதாரண நாளில் பரிசோதித்துப் பார்த்த பிறகே.

காதும் உடம்புதான். லண்டன் ராயல் ஓப்பரா ஹவுஸில் 2012-இல் வாக்னர் ஒத்திகையில் பித்தளை வாத்தியங்களுக்கு நேர் முன்னால் உட்கார்ந்திருந்த வயோலாக் கலைஞர் கிறிஸ் கோல்ட்ஷைடரின் காது நிரந்தரமாகக் கெட்டது. அவர் வழக்குப் போட்டு 2018-இல் ஜெயித்தார். அதன் பிறகு காதடைப்பானை யாரும் கேலி செய்வதில்லை. வயலின்காரருக்கு இடது காதுதான் முதலில் அடிவாங்கும். வீட்டுப் பயிற்சியிலேயே அந்தப் பக்கம் மட்டும் அடைத்துக்கொண்டு பழகலாம்.

ஊரில் என்ன இருக்கிறது

முழுநேரத் தொழில்முறை ஆர்கெஸ்ட்ரா என்று சொல்ல இந்தியாவில் இருப்பது மும்பை என்.சி.பி.ஏ.வின் சிம்பொனி ஆர்கெஸ்ட்ரா ஆஃப் இந்தியா, 2006-இல் தொடங்கியது. இந்தியர்கள் எண்ணிக்கை அங்கே இன்னும் குறைவு, வெளிநாட்டுக் கலைஞர்கள் வந்து நிரப்புகிறார்கள். நன்றாக வாசிக்கும் இந்திய இளைஞருக்கு இது நல்ல செய்தி. சென்னையில் கே.எம். மியூசிக் கன்செர்வேட்டரி 2008-இலிருந்து இருக்கிறது. அதற்கு முந்தைய தலைமுறைக்குப் பள்ளிக்கூடம் சினிமா ரெக்கார்டிங் ஸ்டுடியோதான். காலையில் நோட்ஸ் கையில் வரும், மதியம் டேக். பார்த்தவுடன் வாசிக்கத் தெரியாதவருக்கு அங்கே இடமில்லை. அந்தத் தலைமுறையைச் சேர்ந்த வி.எஸ். நரசிம்மன் 1993-இல் மெட்ராஸ் ஸ்ட்ரிங் குவார்டெட்டைத் தொடங்கி, கர்நாடகக் கீர்த்தனைகளை நான்கு வாத்தியத்துக்குப் பிரித்து எழுதினார். இன்று பெரிய படங்களின் ஸ்ட்ரிங்ஸ் புடாபெஸ்டிலும் ஸ்கோப்ஜேயிலும் பதிவாகின்றன. சின்னப் படங்களுக்குக் கணினியில் சாம்பிள். ஆக, ஸ்டுடியோவை மட்டும் நம்பித் திட்டம் போடாதீர்கள்.

முயற்சியை எப்போது நிறுத்துவது? முப்பத்தைந்தைத் தாண்டியவருக்கு ஐரோப்பாவில் ஆடிஷன் அழைப்பு குறைகிறது. எங்கும் எழுதிவைக்காவிட்டாலும் எல்லோருக்கும் தெரிந்த விஷயம் இது. அதற்குள் தற்காலிக ஒப்பந்தங்கள், ஆர்கெஸ்ட்ரா அகாடமி, பதிலாள் வேலை என்று ஏதாவது ஒன்றில் காலை ஊன்றியிருக்க வேண்டும். கண்டக்டர் கராயனின் முயற்சியில் 1972-இல் தொடங்கிய பெர்லின் பில்ஹார்மோனிக் அகாடமி மாதிரி, படிப்புக்கும் வேலைக்கும் நடுவில் இரண்டு வருடம் உதவித்தொகையோடு வாசிக்கவைக்கும் இடங்கள் பல நகரங்களில் உண்டு. பதிலாளாக நம்பகமானவர் என்று பெயர் எடுத்தவருக்கு வாரக் கடைசியில் ஃபோன் அடித்துக்கொண்டே இருக்கும்.

நாற்காலி கிடைக்காவிட்டாலும் ஆர்கெஸ்ட்ராவுக்குள் இருக்க விரும்புகிறவர்கள் நூலகர் பதவியைக் கவனிப்பதே இல்லை. கன்சர்ட்மாஸ்டரின் வில் குறிகளை எல்லாப் பிரதிகளிலும் எழுதுவது, பதிப்புகளில் உள்ள பிழைகளைப் பிடிப்பது, ஓய்வு வரும் இடத்தில் பக்கம் புரட்டும்படி தாளை ஒட்டுவது எல்லாம் அவர் வேலை. வயலின் வாசித்தவரால்தான் அதைச் சரியாகச் செய்ய முடியும். மாதச் சம்பளமும் உண்டு. விளம்பரம் வரும்போது பாருங்கள். அதற்கும் ஒரு தேர்வு வைத்துத்தான் எடுக்கிறார்கள்.